முதல் பால் பைத்தான்: எதை வாங்குவது, எதில் வைப்பது

பால் பைத்தான் (Ball python) என்பது பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு. அதை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். மஞ்சள், தூய வெள்ளை, கன்னங்கரேல் என்று படங்களைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். ஒன்று பிடித்துப்போனதும் முன்பணம் கட்டுகிறார்கள். அதை எதில் வைப்பது என்ற விசாரணை அப்புறம்தான் வருகிறது. இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் பெட்டி, பிறகு அதற்குள் சரியான சூடும் ஈரப்பதமும், கடைசியில் பாம்பு. கையில் இருக்கும் பணம் ஓர் அளவுக்குத்தான் என்றால் அதில் பெரும்பங்கு பெட்டிக்கும், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கும் போகட்டும். மிச்சத்தை நிறத்துக்குக் கொடுத்தால் போதும். நோயில்லாத, ஒழுங்காக இரை எடுக்கும், சாதாரண நிறப் பாம்புதான் முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்லும் தேர்வு.

இந்த முடிவு எத்தனை காலத்துக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். நல்ல பராமரிப்பில் பால் பைத்தான் 20 முதல் 30 ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சி சாலையில் இருந்த ஒரு பெண் பாம்புக்கு 2020இல் வயது 60ஐத் தாண்டியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். பல ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாத அந்தப் பாம்பு அந்த ஆண்டு முட்டையிட்டது. அவ்வளவு நீளமான ஆயுள் எல்லாப் பாம்புக்கும் வாய்க்காது. ஆனாலும் பள்ளிப் பிள்ளைக்காக வாங்குகிற பாம்பை, அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுவிடலாம். பால் பைத்தான்தான் வேண்டுமா, இன்னொரு வளர்ப்புப் பாம்பான கார்ன் ஸ்நேக் போதாதா? பால் பைத்தான் நிதானமானது, கனமானது, கையில் எடுத்தால் அவசரப்படாது. பயந்தால் கடிப்பதைவிடத் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதுதான் வழக்கம். ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் பிடிவாதம் அதிகம். வளர்ந்த பாம்பு, அதுவும் ஆண், இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் இரையைத் தொடாமல் இருக்கும். கார்ன் ஸ்நேக் வேகமாக ஓடும், கையில் நிற்காது, ஆனால் வைத்த இரையை எடுத்துவிடும், சூடும் ஈரப்பதமும் கொஞ்சம் முன்பின் ஆனாலும் தாங்கும். பாம்பு இரண்டு வாரம் சாப்பிடவில்லை என்றால் உங்களுக்குத் தூக்கம் போய்விடும் என்றால் கார்ன் ஸ்நேக்கே நல்லது. இரவு நேரத்தில் மெதுவாக உலாவும் ஒரு பாம்பைப் பொறுமையாகக் கவனிப்பதில் உங்களுக்கு மகிழ்ச்சி என்றால் மேலே படியுங்கள்.

எங்கிருந்து வந்த பாம்பு?

விற்பனைக்கு வரும் பால் பைத்தான்கள் மூன்று வழிகளில் வருகின்றன. காட்டில் பிடித்தவை முதல் வகை. இரண்டாவது, பண்ணையில் பொரித்தவை. சினையான பெண் பாம்புகளையோ முட்டைகளையோ காட்டிலிருந்து எடுத்து, பண்ணையில் பொரிக்க வைத்து, குட்டிகளை ஏற்றுமதி செய்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து இப்படி ஏராளமாகப் போகின்றன. மூன்றாவது, வளர்ப்பிலேயே இருக்கும் தாய் தந்தைக்குப் பிறந்தவை.

முதல் வகையை வாங்கவே வேண்டாம். வெளியே உண்ணியும் உள்ளே குடற்புழுவும் இருக்க வாய்ப்பு அதிகம். பிடிபட்ட அதிர்ச்சியில் இரையையும் மறுக்கும். அது தேடுவது தன் காட்டு எலியை, நீங்கள் நீட்டுவது உறைபெட்டியிலிருந்து வந்த எலி. பண்ணைக் குட்டி விலை குறைவு என்பதால் ஆசை காட்டும். ஆனால் பெரும்பாலும் கூட்டமாக அடைத்து, நெடுந்தூரம் பயணம் செய்து வந்தது அது. விற்பவர் அதற்கு ஒரு தடவைகூட இரை கொடுத்துப் பார்த்திருக்க மாட்டார். விலையில் மிச்சமானது மருத்துவரிடம் போய்விடும். பால் பைத்தான், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் நாடு விட்டு நாடு போக அனுமதிப் பத்திரம் வேண்டும். உங்கள் நாட்டில் வளர்ப்பதற்குத் தனிப் பதிவோ உரிமமோ தேவையா என்பதையும் வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். எந்தக் காகிதமும் காட்டாத விற்பனையாளரிடம் பேச்சை வளர்க்காதீர்கள்.

ஆக, வளர்ப்பில் பிறந்ததுதான் வேண்டும். அதிலும் எந்த வயது? முட்டையிலிருந்து வந்த குட்டி சுமார் 50 முதல் 80 கிராம் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் முதல் சில இரைகளை எடுக்கும் வரை அது எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. 200 முதல் 400 கிராம் வரை வளர்ந்த, மாதக்கணக்கில் தவறாமல் சாப்பிட்டு வருகிற இளம் பாம்பு அந்தக் கண்டத்தைத் தாண்டிவிட்டது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் அதை வாங்குவது லாபம். வேறொருவர் வளர்க்க முடியாமல் கொடுக்கும் பெரிய பாம்பும் நல்ல வாய்ப்புதான். குணம் தெரிந்துவிட்டது, அளவும் தெரிந்துவிட்டது. ஏன் கொடுக்கிறார், கடைசியாக எப்போது சாப்பிட்டது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நேரான பதில் கிடைத்தால் போதும்.

ஆணா பெண்ணா என்பதில் பெரிய விவாதம் தேவையில்லை. ஆண் பெரும்பாலும் 90 முதல் 110 செ.மீ., பெண் 120 முதல் 150 செ.மீ. இடம் குறைவு என்றால் ஆண், அடிக்கடி பட்டினி கிடப்பதைப் பார்க்கப் பிடிக்காது என்றால் பெண்.

நிறத்துக்குப் பின்னால் இருப்பது

மார்ஃப் என்று சொல்லப்படும் நிற வகைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றால் பாம்புக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பேஸ்டல், பைபால்ட், க்ளவுன் போன்றவற்றைத் தயங்காமல் எடுக்கலாம். சிலவற்றில் மட்டும் நிறத்தோடு குறையும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஸ்பைடர்தான் இதில் முக்கியம். மெல்லிய கறுப்புக் கோடுகள் வலைபோல் ஓட, பார்க்கக் கண்ணைப் பறிக்கும். ஆனால் இந்த மரபணு உள்ள பாம்புகளுக்குத் தலை ஆட்டம் இருக்கும். சிலவற்றில் லேசான நடுக்கத்தோடு நிற்கும். சிலவற்றில் தலை திருகி மேல்நோக்கிப் போய், இரையைக் குறிவைத்துப் பிடிக்கக்கூட முடியாமல் தவிக்கும். 2022இல் வெளியான ஒரு ஆய்வில் இந்த வகைப் பாம்புகளின் உட்காதை நுண் சிடி ஸ்கேன் செய்து பார்த்தார்கள். சமநிலையைக் காக்கும் அரைவட்டக் குழாய்களும் அவற்றோடு சேர்ந்த பையும் உருக்குலைந்திருந்தன. பராமரிப்பை மாற்றிச் சரிசெய்யக் கூடிய விஷயம் இல்லை இது, பிறப்பிலேயே வருவது. வோமா, ஷாம்பெய்ன் போன்ற வேறு சில மார்ஃப்களிலும் இந்த ஆட்டம் உண்டு. ஸ்பைடர் மரபணு கலந்த பம்பிள்பீ போன்ற பெயர்களைக் கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரியுங்கள். கேரமல் அல்பினோவில் முதுகெலும்பு கோணலாவது தெரிந்த பிரச்சினை.

என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன்: குறை இருப்பது தெரிந்த மார்ஃபை வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கும் வரை அவற்றை இனப்பெருக்கம் செய்வதும் நிற்காது. பாதிப்பு லேசானதுதான் என்று விற்பவர் சொன்னாலும், அந்தப் பாம்பின் குட்டிக்கும் அதே அளவில்தான் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பாம்பைக் கையில் வாங்கிப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். இரு கைகளிலும் தாங்கி, அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மெதுவாக ஊர விடுங்கள். உடம்பு இறுகலாக, தசைப்பிடிப்போடு இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கக் கூடாது. விரலால் முதுகெலும்பின் மேல் லேசாகத் தடவினால் மேடு பள்ளம் தட்டுப்படக் கூடாது. முதுகு கூரைபோல் கூர்மையாகத் தெரிந்தால் இளைத்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணோரத்திலும் தாடைக்குக் கீழே உள்ள மடிப்பிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கறும்புள்ளிகள் நகர்ந்தால் அது பாம்புச் செள் என்ற ஒட்டுண்ணி. வாயோரத்தில் நுரை, மூச்சு விடும்போது கீச்சென்ற சத்தம், தலையை வானத்தைப் பார்த்துத் தூக்கி வைத்திருப்பது, இவை சுவாச நோயின் அடையாளங்கள். கழிவுத் துவாரம் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக உள்ளங்கையில் வைத்து மெல்லப் புரட்டினால் நல்ல பாம்பு உடனே வயிற்றுப் பக்கம் திரும்பிக்கொள்ளும். மல்லாந்தபடியே கிடந்தாலோ திணறினாலோ நரம்புக் கோளாறு இருக்கக்கூடும்.

அப்புறம் இரைப் பதிவைக் கேளுங்கள். எந்தத் தேதியில், எந்த அளவு எலி, உயிரோடா உறைந்ததா என்று எழுதி வைத்திருப்பவர் அக்கறையோடு வளர்ப்பவர். வாய்மொழியாக "நல்லா சாப்பிடும்" என்று மட்டும் சொன்னால், உங்கள் எதிரில் ஒருமுறை இரை கொடுக்கச் சொல்லுங்கள்.

பெட்டி

எல்லாவற்றையும்விட இதில்தான் நிதானமாக யோசிக்க வேண்டும். பால் பைத்தான் புல்வெளியிலும் காட்டோரத்திலும் வாழ்வது. பகலில் எலி வளையிலோ கறையான் புற்றிலோ பதுங்கியிருந்து இரவில் வெளியே வரும். வளைக்குள் இருட்டு, கதகதப்பு, ஈரம் மூன்றும் இருக்கும். எந்தப் பெட்டி வாங்கினாலும் அந்த மூன்றையும் கொடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கண்ணாடித் தொட்டிதான் எங்கும் எளிதாகக் கிடைக்கும். விலையும் மலிவு, நன்றாகப் பார்க்கவும் முடியும். ஆனால் மேலே வலைமூடி இருப்பதால் சூடும் ஈரப்பதமும் அப்படியே போய்விடும். கண்ணாடி வெப்பத்தையும் பிடித்து வைக்காது. வலையின் முக்கால்வாசியைப் பலகையோ தகடோ வைத்து மூடி, மூன்று பக்கமும் வெளியிலிருந்து மறைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். இன்னொரு குறை, மேலிருந்து கை நுழைவது. மேலிருந்து நிழல் விழுந்தால் பாம்புக்குப் பருந்து வந்த மாதிரிதான். கண்ணாடிதான் வேண்டும் என்றால் முன்பக்கம் கதவு திறக்கும் வகையைப் பாருங்கள்.

பிளாஸ்டிக் பெட்டி, அதாவது பெரிய மூடியுள்ள சேமிப்புப் பெட்டி, மிகக் குறைந்த செலவில் முடிகிறது. ஈரப்பதம் அருமையாக நிற்கும். பக்கங்கள் மங்கலாக இருப்பதால் பாம்பும் பயப்படாது. நூற்றுக்கணக்கில் வளர்ப்பவர்கள் ராக்கில் இழுப்பறைபோல் அடுக்குவது இதைத்தான். குட்டிக்கும், நோய்க் கண்காணிப்பில் வைக்கும் காலத்துக்கும் இது சரி. ஆனால் உள்ளே விளக்கு போட முடியாது, உயரம் கிடையாது. பெரிய பாம்பு இருபதாண்டு அதிலேயே இருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சிறிய பெட்டியில்தான் பால் பைத்தான் நிம்மதியாக இருக்கும் என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். பாம்புக்குத் தேவைப்பட்டது மறைவிடம். சிறிய பெட்டியில் அது தானாகவே கிடைத்துவிடுகிறது, பெரிய பெட்டியை வெறுமையாக வைத்தால் கிடைப்பதில்லை. நைஜீரியாவின் தென்கிழக்குக் காடுகளில் நடந்த ஆய்வில் சிறிய பாம்புகளும் ஆண்களும் பறவைகளை அதிகம் தின்றது தெரிந்தது. வளையிலேயே கிடக்கிற பாம்புக்குப் பறவை எப்படிக் கிடைக்கும்? ஏறுவதற்கு ஒரு தடித்த கிளை வைத்தால் இரவில் அதன் மேல் பாம்பைப் பார்க்கலாம்.

மரப்பெட்டி சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், பார்வைக்கும் அழகு. ஈரத்துக்குத்தான் ஆகாது. மூலைகளை சிலிக்கோன் போட்டு அடைத்து, உள்ளே நச்சில்லாத பூச்சு பூசாவிட்டால் ஒன்றிரண்டு ஆண்டில் பலகை உப்பிவிடும்.

பிவிசி பெட்டி விலை அதிகம். ஆனால் எடை குறைவு, துடைப்பது எளிது, ஈரத்தால் கெடாது, சூடும் ஈரப்பதமும் நிற்கும், கதவு முன்னால் திறக்கும். குட்டிக்கு ஒன்று, வளர்ந்த பிறகு ஒன்று என்று இரண்டு மூன்று தொட்டிகள் மாற்றுகிற செலவைக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. முதலிலேயே 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், முடிந்தால் அதே உயரம் உள்ள பிவிசி பெட்டி ஒன்று வாங்கி, இளம் பாம்பை அதிலேயே விடலாம். காலி இடம் தெரியாதபடி செயற்கை இலைகள், மரப்பட்டைகள், கிளைகள் என்று நெருக்கமாக நிரப்ப வேண்டும். நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

எந்தப் பெட்டியிலும் குறைந்தது இரண்டு பதுங்கிடங்கள் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே அளவில், பாம்பு சுருண்டால் உடம்பு சுவரில் உரசும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும். ஒன்று வசதியாகவும் மற்றது தொளதொளவென்றும் இருந்தால், பாம்பு சூட்டையும் குளிரையும் பார்க்காமல் வசதியான இடத்திலேயே அடைந்துகிடக்கும். தரையில் தேங்காய் நார்த்தூள், தேங்காய் மட்டைத் துண்டுகள், சைப்ரஸ் மரத்தூள் ஆகியவற்றில் எதையும் போடலாம். சீடார் மரத்தூள் மட்டும் கூடாது, அதன் எண்ணெய் பாம்புக்கு நஞ்சு.

சூடு

சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 27. ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம், சட்டை உரிக்கும் சமயத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். சட்டை ஒரே துண்டாகக் கழன்றால் ஈரம் சரியாக இருக்கிறது. துண்டு துண்டாகப் பிய்ந்தால், அதிலும் கண்ணை மூடியிருக்கும் பழைய தோல் கழலாமல் ஒட்டிக்கொண்டால், ஈரம் குறைவு.

பெட்டிக்கு அடியில் ஒட்டும் ஹீட் மேட் பிளாஸ்டிக் பெட்டிக்குப் பொருந்தும். அது காற்றைச் சூடாக்காது என்பதால் பெரிய பெட்டிக்குப் போதாது. செராமிக் எமிட்டர் வெளிச்சமில்லாமல் இரவும் பகலும் சூடு தரும், கூடவே காற்றை உலர்த்திவிடும். ஹாலோஜன் விளக்கின் சூடு வெயிலைப்போல் உடம்புக்குள் இறங்கும். பகலுக்கு அது, இரவில் அறை மிகவும் குளிர்ந்தால் மட்டும் செராமிக் என்பது பெரிய பெட்டிக்கு நல்ல சேர்க்கை. உள்ளே பொருத்தும் விளக்குக்குக் கம்பிக் கூண்டு கட்டாயம், இல்லாவிட்டால் பாம்பு அதில் சுற்றிக்கொள்ளும். மின்சாரத்தில் சூடாகும் செயற்கைப் பாறைகளைத் தொடவே வேண்டாம். அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் பாம்பு அதன் மேலேயே கிடக்கும்.

எதை வாங்கினாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஹாலோஜனுக்கு மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மிங் வகை, செராமிக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பல்ஸ் வகை, மேட்டுக்குச் சாதாரண ஆன் ஆஃப் வகையே போதும். சென்சாரை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மேட் உள்ள பெட்டியில் அதை மேட்டுக்கும் பெட்டியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே வையுங்கள். மேலே தூளின் மீது வைத்தால், பாம்பு தூளைத் தோண்டி அடிப்பக்கத்தைத் தொடும் இடத்தில் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருந்தாலும் திரையில் 32 என்றே காட்டிக்கொண்டிருக்கும். புற ஊதா ஒளி தரும் யுவிபி விளக்கு இல்லாமலும் பாம்பு வாழும். குறைந்த அளவில் கொடுத்தால் நல்லது என்பது என் எண்ணம், கருநிறமி இல்லாத அல்பினோ பாம்புக்கு மட்டும் வெளிச்சம் கூசும்.

பெட்டியைப் பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே ஓட விட்டு, காலை மாலை அளவுகளைப் பாருங்கள். பாம்பு உள்ளே இருக்கும்போது சரிசெய்ய முயன்றால் அது ஒவ்வொரு முறையும் கலவரப்படும்.

இரையும் முதல் வாரங்களும்

உறைந்த எலிதான் என் தேர்வு. உயிருள்ள எலி திருப்பிக் கடித்தால் கண்ணே போகலாம், எலிக்கும் அது கொடுமை. உறைந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து உருக விட்டு, பிறகு வெந்நீரில் ஒரு பையோடு வைத்து எலியின் உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோவேவ் கூடாது. பால் பைத்தான் உதட்டோரக் குழிகளால் சூட்டை உணர்ந்துதான் இரையை அடையாளம் காணும், அதனால் ஆறிப்போன எலியைச் சட்டை செய்யாது. நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். இளம் பாம்புக்குத் தன் எடையில் 10 முதல் 15 சதவீதம் உள்ள எலி, வாரம் ஒன்று. வளர்ந்த பிறகு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று போதும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் பாம்பைத் தொடாமல் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து முதல் இரை. எடுத்துவிட்டால் 48 மணி நேரம் தொடக் கூடாது, கக்கிவிடும். மறுத்தால் எலியை எடுத்துவிட்டு ஒரு வாரம் விட்டு மறுபடி முயலுங்கள். தினமும் நீட்டிக்கொண்டே இருந்தால் பிடிவாதம்தான் கூடும். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் குறைந்தது மூன்று மாதம் தனி அறையில் வையுங்கள். செள் மட்டுமல்ல, 2014இல் முதலில் விவரிக்கப்பட்ட நிடோவைரஸ் என்ற சுவாச நோய்க் கிருமியும் இப்படித்தான் பரவும். பாம்பைத் தொட்ட பிறகு கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சால்மொனெல்லா விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

சமையலறைத் தராசு மாதிரி ஒன்றை இதற்கென்றே வாங்கி மாதம் ஒருமுறை எடை எழுதி வையுங்கள். வளர்ந்த பாம்பு இரண்டு மாதம் சாப்பிடாமலிருந்தும் எடை நிலையாக இருந்தால் விட்டுவிடலாம், முதலில் சூட்டையும் பதுங்கிடத்தையும் மட்டும் சரிபாருங்கள். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ மூச்சில் சத்தம் கேட்டாலோ ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவரும் பாம்பு பார்ப்பதில்லை. அப்படி ஒருவர் எங்கே இருக்கிறார் என்று பாம்பு வாங்குவதற்கு முன்பே விசாரித்து, எண்ணைப் பெட்டியின் பக்கத்திலேயே ஒட்டி வைத்துவிடுங்கள்.